சந்தேகிக்கத் தொடங்கியவர்களுக்குப் பதினோரு அறிவுரைகள்

சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு யாராவது ஒரு பிள்ளை வந்துவிடும். கல்லூரியில் படிக்கிறவர்கள், புதிதாக வேலைக்குப் போனவர்கள், ஊழியத்துக்குப் படிக்கிற பையன்களும்கூட வருவதுண்டு. வந்தவுடன் பேச்சு தொடங்காது. தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். ஊரில் மழை உண்டா என்று விசாரிப்பார்கள். தெருவில் சபைக்காரர் யாரும் போகிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். பிறகு குரல் தாழும். "சார், பைபிள்ல உள்ளதெல்லாம் நெசமாவே நடந்துதா?"

முப்பது வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அதே முப்பது வருடமும் ஞாயிறு காலையில் சண்டே ஸ்கூல் நடத்தினேன். இன்று எழுபதைத் தாண்டிவிட்டேன். வேதாகமம் பிழையே இல்லாத தேவ வார்த்தை என்பதை இப்போது நான் நம்புவதில்லை. கடவுள் இன்னாரோடு நேரில் பேசினார் என்பதற்குப் போதுமான ஆதாரத்தையும் என் ஆயுளில் கண்டதில்லை. இந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு இருபது வருடம் ஆனது. வழியில் பல தப்புகளும் செய்தேன். இப்போதுதான் புறப்படுகிற பிள்ளைகள் அதே தப்புகளைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. சந்தேகம் வந்ததற்காக உங்களை நீங்களே தண்டிக்காதீர்கள்.

சந்தேகம் பாவம், பின்மாற்றத்தின் முதல் படி என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு கேள்வி எழுந்தவுடன் உபவாசம் இருந்து அதை விரட்டப் பார்க்கிறோம். கேள்வி அப்படிப் போகாது. அடங்கிக் கிடந்து, இன்னொரு நாள் இரண்டு மடங்காக எழும்பும்.

தோமாவை நினைத்துப் பாருங்கள். சென்னையில் பரங்கிமலையும் சாந்தோமும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. அவர் இங்கே வந்து உயிர் நீத்தார் என்பது நம் நாட்டுக் கிறிஸ்தவர்களின் பழைய மரபு. அந்தத் தோமா மற்றப் பத்துப் பேர் சொன்னதைக் கேட்டு நம்ப மறுத்தவர். காயத்தைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும் என்றார். யோவான் எழுதிய கதையில் அவரை யாரும் அறையைவிட்டு வெளியேற்றவில்லை. கேட்ட ஆதாரம் அவருக்குக் காட்டப்பட்டது. அதைவிடக் குறைவாகக் கேட்கிற உங்களை ஒருவர் மிரட்டினால், மிரட்டலுக்கு அவர்தான் பொறுப்பு.

2. முதலில் புத்தகத்தை முழுவதும் படியுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் வேதாகமத்தை வசனமாகப் பார்த்திருக்கிறோம், புத்தகமாகப் படித்ததில்லை. புத்தாண்டு ஆராதனையில் கையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை, சுவர்க் காலண்டர், பிரசங்கியார் எடுத்துக்கொண்ட நாலு வரி என்று துண்டு துண்டாகத்தான் அது நம்மிடம் வந்து சேர்கிறது. நியாயாதிபதிகள் கடைசி மூன்று அதிகாரங்களை யாரும் காலண்டரில் போடுவதில்லை.

மறுக்க விரும்புகிறவர்களும் படித்துவிட்டுத்தான் மறுக்க வேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர்; அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சானது. பிறகு 1854இல் பாதிரிமார்களுக்கு மறுப்பாகச் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். வரிவரியாகப் படித்தவர் எழுதிய மறுப்பு என்பதால் அதற்குப் பதில் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

படிக்கும்போது ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் இராஜாக்களின் புத்தகம், வலது பக்கம் நாளாகமம். சுவிசேஷங்களுக்கு நாலு பத்தி. ஒரே சம்பவத்தை இருவர் எழுதியிருந்தால் எதிரெதிரே குறியுங்கள். யாருடைய புத்தகத்தையும் இரவல் வாங்காமல் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

3. கேள்வி கேட்கிற பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்.

இது நான் செய்த பாவம். ஒரு ஞாயிறு காலை, யூதாவின் ராஜாக்கள் பாடம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாம் நாளாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தான். என்ன என்று கேட்டேன். எழுந்து நின்று சொன்னான்: "யோராம் ராஜாவாகும்போது 32 வயசு சார். 8 வருசம் ஆண்டிருக்கான். அப்போ சாகும்போது 40. அடுத்து அவன் மகன் அகசியா ராஜாவாகான். அவனுக்கு 42ன்னு போட்டிருக்கு. மகன் அப்பாவவிட ரெண்டு வயசு மூப்பா சார்?"

இருபத்தொன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் இருபத்திரண்டாம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தையும் விரல் வைத்துக் காட்டினான். பழைய மொழிபெயர்ப்பில் அப்படியேதான் இருக்கிறது. அகசியா அந்த வீட்டுக்குக் கடைசி மகன் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. இராஜாக்களின் புத்தகத்திலோ அதே அகசியாவுக்கு வயது 22.

வாரத்தில் ஐந்து நாள் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவன் நான். பையன் போட்ட கணக்கு சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னது, "இது பிசாசு கேட்க வைக்கிற கேள்வி, உட்கார்." அவன் உட்கார்ந்தான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நோட்டின் ஓரத்தில் எழுதியதை ரப்பரால் அழித்தான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

4. ஒரு பிழை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று பிரித்துப் பாருங்கள்.

அகசியாவின் வயது கையால் பிரதி எடுத்த யாரோ ஒருவரின் எண் பிழையாக இருக்கலாம். சில மொழிபெயர்ப்புகள் நாளாகமத்திலும் 22 என்றே திருத்திப் போடுகின்றன. இதை வைத்துக் கடவுள் இல்லை என்றோ இயேசு பிறக்கவில்லை என்றோ ஒருவரும் நிரூபிக்க முடியாது. ஆனால் "ஒரு எழுத்தில்கூடப் பிழை கிடையாது" என்ற பேச்சு இதோடு முடிந்துபோகிறது. அந்த அளவோடு நில்லுங்கள்.

இன்னொரு வகை, இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகாத இடங்கள். யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். தாவீதைக் குடிமதிப்பு எடுக்கத் தூண்டியது கர்த்தருடைய கோபம் என்கிறது சாமுவேலின் இரண்டாம் புத்தகம். சாத்தான் என்கிறது முதலாம் நாளாகமம். இயேசு ஏரோதின் காலத்தில் பிறந்தார் என்கிறது மத்தேயு. சிரேனியு சீரியாவை ஆண்டபோது நடந்த குடிமதிப்பைச் சொல்கிறது லூக்கா. ஏரோது இறந்தது கி.மு. 4இல் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணக்கு; சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6இல் நடந்தது. இடையில் ஏறத்தாழப் பத்து வருடம் இருக்கிறது. இவை கைப்பிசகு அல்ல. எழுதிய ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த செய்தியை, தாம் சொல்ல வந்த பொருளுக்கு ஏற்ப எழுதியிருக்கிறார்கள். மனிதர்கள் எழுதுகிற முறை அதுதான்.

5. உங்கள் கையிலுள்ள வேதாகமம் வந்த வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719இல் இறந்தார். மிச்சத்தை முடித்தவர் சூல்ச். அதன் பிறகு பப்ரிசியஸ், இரேனியஸ், பவர் என்று கை மாறி மாறித் திருத்தம் பெற்றது. நம் சபைகளில் இன்றும் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871இல் பவர் குழுவினர் முடித்துத் தந்தது. ஒவ்வொரு கையும் சொல் தேர்ந்திருக்கிறது, சொல் மாற்றியிருக்கிறது.

மூலத்துக்கும் இதே கதைதான். யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில், பரலோகத்தில் சாட்சி சொல்லும் மூவரைப் பற்றிய வரி நம் பழைய மொழிபெயர்ப்பில் உண்டு. திரித்துவத்துக்கு ஆதாரமாக நானே அதை வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அந்த வரி இல்லை. எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார்.

மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் இன்னும் கனமான விஷயம். நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அவை கிடையாது. விசுவாசிகள் பாம்புகளை எடுப்பார்கள், விஷம் அவர்களைச் சேதப்படுத்தாது என்பது அந்தப் பன்னிரண்டில்தான் வருகிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆராதனையில் விஷப்பாம்பைக் கையில் பிடிக்கும் சபைகள் உண்டாயின. அந்த வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். பிற்காலத்தில் ஒட்டப்பட்டதென்று அறிஞர்கள் கருதும் வரிகளுக்காக மனிதர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். பிரதி ஆராய்ச்சி படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1947 முதல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஏசாயா புத்தகம் முழுவதும் இருக்கிறது. அதற்கு முன் நம்மிடம் இருந்த எபிரேயப் பிரதிகளைவிட அது ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பிரதி எடுத்தவர்கள் சிரத்தையோடு எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. ஆனாலும் பத்திரத்தின் நகல் அசலோடு ஒத்துப்போகிறது என்பதால் பத்திரத்தில் எழுதியதெல்லாம் உண்மை ஆகிவிடாது. அசலைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

6. ஊர் கிடைத்துவிட்டால் கதையும் கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். ஊர் கிடைக்காவிட்டால் எல்லாம் பொய் என்றும் எண்ணாதீர்கள்.

பிலாத்துவின் பெயர் பொறித்த கல் செசரியாவில் 1961இல் கிடைத்தது. தாவீதின் வீட்டைக் குறிப்பிடும் கல்வெட்டு வட இஸ்ரேலில் தெல் தான் என்ற இடத்தில் 1993இல் கிடைத்தது. தாவீது வெறும் கற்பனை என்றவர்கள் பின்வாங்க வேண்டியதாயிற்று. எரிகோவிலோ கேத்லீன் கென்யன் 1952 முதல் 1958 வரை தோண்டியபோது, அந்த நகரம் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். யோசுவா வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் விழுவதற்கு அங்கே மதில் இருந்ததற்கு அவர் ஆதாரம் காணவில்லை.

மதுரை இருக்கிறது, வைகை இருக்கிறது, பாண்டியர் இருந்தார்கள். அதனால் கண்ணகி திருகி எறிந்த மார்பு ஊரை எரித்தது வரலாறு என்று எந்தத் தமிழாசிரியரும் பாடம் நடத்துவதில்லை. சிலப்பதிகாரத்துக்குப் பிடிக்கிற அதே தராசை யோசுவாவுக்கும் பிடியுங்கள்.

7. நல்ல கேள்வி யாரிடமிருந்தும் வரும்.

சந்தேகமெல்லாம் நாத்திகர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டது என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ஜான் வில்லியம் கொலென்சோவின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஊழியத்துக்கு வருமுன் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கணக்குப் பாடநூல் எழுதியவர் அவர். நேட்டாலில் ஜூலு மொழி கற்று, ஆதியாகமத்தை ஜூலுவில் பெயர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து உதவியவர் வில்லியம் நிகிடி என்ற ஜூலு கிறிஸ்தவர். ஜலப்பிரளயத்துக்கு வந்தபோது நிகிடி கேட்டார்: இதெல்லாம் உண்மையா? எல்லா மிருகமும் பறவையும் சோடி சோடியாகப் பேழைக்குள் வந்தனவா? அத்தனைக்கும் நோவா தீனி சேர்த்தாரா?

ஆம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். கொலென்சோவால் முடியவில்லை. பூமியின் பாறை அடுக்குகள் சொல்லும் சேதி அவருக்குத் தெரியும். தெரிந்தே பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மோசேயின் ஐந்து புத்தகங்களையும் யோசுவாவையும் எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தார். எகிப்திலிருந்து புறப்பட்ட ஆண்கள் மட்டும் 6 லட்சம். சபையார் எல்லாரும் ஆசரிப்புக் கூடார வாசலில் கூடினார்கள் என்று லேவியராகமம் சொல்கிறது. கூடாரத்தின் அகலம் 18 அடி. அந்த அகலத்துக்கு வரிசைக்கு 9 பேராக, ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாக நெருக்கி நிறுத்தினாலும், ஆண்களின் வரிசை மட்டும் ஒரு லட்சம் அடி நீளும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இப்படிப் பல கணக்குகளைப் போட்டு 1862இல் புத்தகமாக வெளியிட்டார். அடுத்த வருடமே கேப் டவுன் பேராயர் அவரை விசாரித்துப் பதவி நீக்கினார். லண்டனில் பிரிவி கவுன்சில் 1865இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு விசுவாசி. அதை மதித்தவரும் விசுவாசி. நானோ அதே போன்ற ஒரு கேள்வியைப் பிசாசின் தலையில் கட்டினேன்.

8. "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று யாராவது சொன்னால், நேரில் கேட்டவர் யார் என்று பாருங்கள்.

தாமஸ் பெயின் 1794இல் எழுதிய 'அறிவின் காலம்' நூலில் ஒரு எளிய வாதம் உண்டு. கடவுள் ஒருவரிடம் பேசினார் என்றே வைத்துக்கொண்டாலும், அது அந்த ஒருவருக்குத்தான் வெளிப்பாடு. அவர் இரண்டாமவரிடம் சொன்னால் அது கேள்விப்பட்ட செய்தி. அதை நம்பியாக வேண்டிய கடமை இரண்டாமவருக்கு இல்லை. அதற்கும் முன்னால் 1651இல் தாமஸ் ஹாப்ஸ், கடவுள் கனவில் என்னோடு பேசினார் என்பதற்கும், கடவுள் பேசியதாகக் கனவு கண்டேன் என்பதற்கும் வேறுபாடு இல்லை என்று காட்டினார்.

சாட்சி சொல்கிறவர் எல்லாரும் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. நானே சாட்சி சொன்னவன். அப்பா இறந்து சில வாரங்கள் கழித்து, விடியப் போகும் நேரம், என் பெயரை யாரோ கூப்பிட்டார்கள். தெளிவான குரல். எழுந்து வாசல் வரை போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. சாமுவேலைக் கூப்பிட்டது போல என்னையும் ஆண்டவர் கூப்பிட்டார் என்று முடிவு செய்து, அந்த ஞாயிறே சபையில் சொன்னேன். பல வருடம் பல இடங்களில் சொன்னேன். முதல் வருடம் அந்தக் குரல் என் பெயரை மட்டும் சொன்னது. இரண்டு மூன்று வருடத்தில் ஒரு வசனமும் சேர்ந்துகொண்டது. பிறகு "என் ஆடுகளை மேய்" என்ற கட்டளையும் வந்துவிட்டது. நான் எதையும் வேண்டுமென்று சேர்க்கவில்லை. சொல்லச் சொல்ல வளர்ந்தது. வளர்ந்ததையே நினைவு என்று நம்பினேன். ஒருநாள் பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தால், அந்தத் தேதியில் ஒரே ஒரு வரி: "விடியற்காலம் அப்பா கூப்பிட்ட மாதிரி இருந்தது."

டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி 1971இல் எழுதினார். ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தவரை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். குரலைக் கேட்டவர்களும் உண்டு. துக்கத்தில் இருக்கும் மனம் அப்படிச் செய்யும். எனக்கு நடந்தது உண்மைதான், நான் அதற்கு இட்ட பெயர்தான் தப்பு. உங்களுக்கு அப்படி ஏதாவது நேர்ந்தால் அன்றைக்கே எழுதி வையுங்கள். யாரிடமும் சொல்லுமுன் எழுதுங்கள்.

9. தீர்க்கதரிசனத்தைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

இந்தச் சோதனையை நமக்குத் தருவதே வேதாகமம்தான். ஒருவன் கர்த்தரின் நாமத்தில் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது உபாகமம் பதினெட்டாம் அதிகாரம். எரேமியாவின் கழுத்து நுகத்தை உடைத்து, இரண்டு வருடத்தில் பாபிலோனின் பிடி நீங்கும் என்றான் அனனியா. அது நடக்கவில்லை. ஆகாப் ராஜாவுக்கு 400 தீர்க்கதரிசிகள் வெற்றி என்றார்கள். மிகாயா ஒருவர் மட்டும் தோல்வி என்றார். அந்தக் கதையிலேயே கூட்டம் தப்பாகவும் ஒற்றை ஆள் சரியாகவும் இருந்தார்கள்.

கன்வென்ஷனில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "இங்கே ஒரு சகோதரிக்கு அடைபட்ட கதவு திறக்கிறது" என்றால், எந்தச் சகோதரி, எந்தக் கதவு, எப்போது என்று உங்கள் நோட்டில் எழுதப் பாருங்கள். எழுத முடியாது. பொய்யாக முடியாத அளவுக்கு மொட்டையாகச் சொல்லப்பட்டது மெய்யாகவும் முடியாது.

தேதி சொன்னவர்களின் கதையும் நமக்குத் தெரியும். வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். பலர் வயலில் பயிரை அறுக்காமலே விட்டிருந்தார்கள். ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். அடுத்த வருடம் தாம் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டார். தேதி கடந்த பிறகும் நம்பிக்கை சாவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1954 டிசம்பரில் பெருவெள்ளம் வரும் என்று காத்திருந்த ஒரு சிறு குழுவை லியோன் ஃபெஸ்டிங்கரும் நண்பர்களும் உள்ளேயிருந்து கவனித்து 1956இல் எழுதினார்கள். வெள்ளம் வராத பிறகு அந்தக் குழுவில் பலர் முன்னைவிட ஊக்கமாகப் பிரசாரம் செய்தார்கள் என்பது அவர்கள் தந்த விவரம். அதிகம் இழந்தவருக்கு விட்டுவிடுவது கடினம். அவர்களிடம் இரக்கமாக இருங்கள்.

10. மருந்து, பணம், கல்யாணம்: இந்த மூன்றிலும் எவருடைய தரிசனத்தையும் நுழைய விடாதீர்கள்.

மற்ற அறிவுரைகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். என் சித்திக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் இடத்தில் வைத்திருப்பாள். காலையும் மாலையும் தானே போட்டுக்கொள்வாள். ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் அவள் தலையில் கை வைத்து, இன்றோடு உனக்கு வியாதி இல்லை என்று ஆண்டவர் சொல்கிறார் என்றார். அன்று இரவே ஊசியை நிறுத்திவிட்டாள். மறுபடி போட்டால் அவிசுவாசம் என்று பயந்தாள். எங்களிடம் சொல்லவும் இல்லை. சில வாரத்தில் கால் கட்டைவிரலில் புண். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது: "எனக்குத்தான்டா விசுவாசம் பத்தல." அந்த ஊழியக்காரர் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பாட்டில் பாதி மருந்தோடு அப்படியே இருந்தது.

சுகமானால் மகிமை தரிசனக்காரருக்கு, சுகமாகாவிட்டால் குற்றம் நோயாளிக்கு. இப்படி ஒரு கணக்கை எந்தக் கடையிலும் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஜெபக் கூட்டத்தில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறோம்? ஜெபியுங்கள், யார் வேண்டாம் என்றது. மருந்தை நிறுத்துவதானால் மருத்துவர் சொல்ல வேண்டும். விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்காக வரும் என்று யாராவது சொன்னால் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். "உன்னைத்தான் எனக்கு மனைவியாக ஆண்டவர் காட்டினார்" என்று ஒருவன் வந்து நின்றால், தங்கைகளே, "எனக்குக் காட்டவில்லை" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அந்தப் பதில் போதும்.

இன்னொன்று. வேளாங்கண்ணியில் சுகம் பெற்றவர்கள் உண்டு, நாகூர் தர்காவில் உண்டு, சமயபுரத்தில் உண்டு. எல்லாரும் கண்ணீரோடுதான் சொல்கிறார்கள். அடுத்தவர் சாட்சியை எந்தக் காரணத்தால் தள்ளுகிறீர்களோ, அதே காரணத்தை உங்கள் சபைச் சாட்சிக்கும் வைத்துப் பாருங்கள்.

11. சந்தேகத்தையும் சந்தேகியுங்கள், வீட்டாரை வெல்லப் பார்க்காதீர்கள்.

நம்பிக்கையை விட்டுவந்த பிள்ளைகள் கையில் கிடைத்த எதையும் நம்பிவிடுவதைப் பார்க்கிறேன். 325இல் கூடிய நிசேயா சங்கத்தில் ஓட்டுப் போட்டு வேதாகமப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அந்தச் சங்கம் அதைச் செய்யவில்லை. இன்றுள்ள 27 புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களின் பட்டியல் அத்தனாசியஸ் 367இல் எழுதிய கடிதத்தில் காணப்படுகிறது. இயேசு என்று ஒரு ஆளே பிறக்கவில்லை என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. தம்மை விசுவாசி என்று சொல்லிக்கொள்ளாத பார்ட் எர்மன் போன்ற அறிஞர்களே அதை மறுத்து, அப்படி ஒருவர் கலிலேயாவில் வாழ்ந்தார் என்கிறார்கள். நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக ஆதாரத்தில் சலுகை கொடுத்தால், நாம் விட்டுவந்த இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் விடியற்காலம் முழங்காலில் நிற்கிற அம்மாவிடம் போய் அகசியாவின் வயதைக் கேட்காதீர்கள். அவள் அங்கே உங்களுக்காகத்தான் நிற்கிறாள். அவள் கேட்டால் சொல்லுங்கள், கேட்காதபோது காப்பி போட்டுக் கொடுங்கள். கீர்த்தனை பிடிக்கும் என்றால் பாடுங்கள். நான் இன்றும் பாடுகிறேன். மலைப்பிரசங்கத்தை இன்றும் எடுத்துப் படிக்கிறேன். எதிரியை நேசிப்பது நல்லதென்று புரிந்துகொள்ள எனக்குத் தெய்வ வாக்கு தேவைப்படவில்லை. எல்லாம் எப்படித் தொடங்கியது, சாவுக்குப் பிறகு என்ன என்று என்னைக் கேட்டால், தெரியாது என்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக எனக்கு அறுபது வயது ஆனது. நீங்கள் இருபதிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இன்று சண்டே ஸ்கூல் நடத்துகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் முழு விசுவாசியாகவே இருங்கள்; அது உங்கள் உரிமை. ஆனால் என்றாவது ஒரு பிள்ளை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றால், தயவு செய்து அதை உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் போய் அந்தக் கணக்கைப் பாருங்கள். சரியாக இருந்தால், மற்றப் பிள்ளைகளும் கேட்கும்படி, சரி என்று சொல்லுங்கள்.